இடது பின்னங்காலின் வெளிப்பக்கம்

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே,

கூட்டத்தில் வந்து பேசச் சொன்னீர்கள். முரட்டு எருமையின் வாய்க்குள் கையை விடச் சொல்லுங்கள், விடுகிறேன். மைக்கைப் பிடிக்க மட்டும் சொல்லாதீர்கள். அதனால்தான் எழுதித் தருகிறேன். நான் படித்தது தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை. எழுத்தில் பிழை இருந்தால் தாராளமாகத் திருத்துங்கள். விஷயத்தைத் திருத்தாதீர்கள்.

கிள்ளானில் ஒரு தனியார் கால்நடை மருத்துவ நிலையத்தில் இருபத்து மூன்று ஆண்டுகள் உதவியாளராக இருந்தேன். நாய், பூனை பார்க்கும் இடம் அல்ல. மாடு, எருமை, ஆடு, செம்மறி. காப்பாரிலிருந்து பந்திங் வரைக்கும் யார் கூப்பிட்டாலும் போவோம். போன வருடம் ஒரு காளை என் முழங்காலை உதைத்து உடைத்தது. அதோடு என் வேலை முடிந்தது.

உங்களில் பாதிப் பேர் டாக்டர்கள். பாதிப் பேர் என்னைப் போல மாட்டைப் பிடிக்கிறவர்கள். டாக்டர்களும் படிக்கலாம், ஆனால் நான் எழுதுவது பிடிக்கிறவர்களுக்கு. உங்களிடம் எல்லாரும் ஒன்றைத்தான் சொல்வார்கள்: "உன் வேலை பிடிக்கிறது. வாயை மூடிக்கிட்டுப் பிடி." நானும் பல வருடம் அப்படித்தான் பிடித்தேன். பிறவியிலேயே கூச்சக்காரன் என்பதால் அது எனக்கு வசதியாகக்கூட இருந்தது. அந்த வசதி ஒரு கன்றின் காலைக் கெடுத்தது. ஒரு மனிதனின் பிழைப்பையும் கெடுக்கப் பார்த்தது. நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் டாக்டர் ஒரு பெண். என்னைவிடப் பத்து வயது இளையவர், என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். மாடு விழுந்து கிடக்கிறது, ஆடு சுற்றிச் சுற்றி வருகிறது, செம்மறி சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்கிறது என்று யாராவது பதறிக் கூப்பிட்டால், அவர் மருந்துப் பெட்டியைத் திறக்கவே மாட்டார். "மொதல்ல எங்கன்னு பார்ப்போம் அண்ணே. என்னான்னு அப்புறம் பார்க்கலாம்" என்பார். மூளையா, கழுத்தா, முதுகுத் தண்டா, காலுக்குப் போகிற நரம்பா. மூக்கில் தொடங்கி வாலில் முடிப்பார். நடுவில் எதையும் தாண்டமாட்டார்.

காப்பாரில் ஒரு வெள்ளாடு இடப்பக்கமாகவே சுற்றிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் பாம்பு கடித்துவிட்டது என்று காலில் கட்டுப் போட்டு வைத்திருந்தார். டாக்டர் என்னைத் தலையைப் பிடிக்கச் சொன்னார். இடது காது தொங்கியது. இடது கண் இமைக்கவில்லை. இடது கன்னத்துக்குள் மென்ற தழை அப்படியே அடைந்து கிடந்தது. "கால்ல ஒண்ணும் இல்லண்ணே. மூளை முடிஞ்சு கழுத்து ஆரம்பிக்கிற எடம், இடப்பக்கம்" என்றார். கட்டை அவிழ்த்து எறிந்துவிட்டு மருந்து கொடுத்தார். ஆடு பிழைத்தது.

திரும்பி வரும்போது அவர் சொன்னதை மட்டும் நான் இன்னும் மறக்கவில்லை. "எங்க வலிக்குதுன்னு மாடு சொல்லாது அண்ணே. எங்க வலிக்கலன்னு சொல்லும். அதைக் கேக்கத் தெரிஞ்சா போதும்." கேட்கத் தெரிய எனக்குச் சில வருடங்கள் ஆயின. புத்தகத்தில் படிக்கவில்லை. பிடித்துப் பிடித்துத் தெரிந்தது. டாக்டர் குத்தும்போது மாட்டின் உடம்பில் என்ன ஓடுகிறது என்று, பிடிக்கிறவன் கைக்குத்தான் முதலில் தெரியும்.

ஜெஞ்சாரோமில் அஞ்சலை அக்கா என்று ஒருவர். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய நிலத்தில் கறவை மாடுகள் வைத்திருந்தார். அவர் கொட்டகைப் பால் பிரிக்பீல்ட்ஸ் கடைகள் வரை போகும். புருஷன் இறந்த பிறகு தனியாளாய் நின்று எல்லாவற்றையும் நடத்தியவர். குரல் அடுத்த கொட்டகைக்குக் கேட்கும். சுங்கை பூலோவில் ஒருவர் பண்ணையை மூடுகிறார் என்று கேள்விப்பட்டு, மூன்று கிடேரிக் கன்றுகளை வாங்கினார். ஏற்றி வந்தவன் செல்வம். சாலாக் செலாத்தான்காரன், முப்பது வயதுப் பையன். சின்ன லோரி ஒன்று வைத்துக்கொண்டு, சிறு பண்ணைக்காரர்களின் மாடுகளை ஏற்றி இறக்குவதுதான் அவன் தொழில். வேறு தொழில் கிடையாது.

கன்றுகள் வந்து இறங்கிய அன்று டாக்டர் ஒரு கஷ்டமான பிரசவத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். பயணக் களைப்பில் காய்ச்சல் வராமலிருக்க மூன்றுக்கும் ஊசி போட வேண்டும். என்னைத் தனியாக அனுப்பினார். சின்ன வேலை. போட்டேன், புத்தகத்தில் எழுதினேன், வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் அக்காவின் போன். ஒரு கன்று இடது பின்னங்காலை இழுக்கிறதாம். டாக்டரும் நானும் போனோம். அக்கா செல்வத்தை அதற்குள் வரவழைத்திருந்தார். கொட்டகை வாசலில் சண்டை நடந்துகொண்டிருந்தது.

"பாருங்க டாக்டர், நல்ல கன்னாத்தான் வாங்கினேன். இவன் லோரில ஏத்திக் கொண்டாந்து முதுகை ஒடச்சிட்டான்."

"அக்கா, எறங்கினப்ப ஓடுச்சுக்கா. நீங்க தண்ணி எடுக்கப் போயிட்டீங்க. வாலத் தூக்கிக்கிட்டு ஓடுச்சு."

"பிரேக் அடிச்சேன்னு நீதானடா சொன்ன?"

"அடிச்சேன். மோட்டார்காரன் குறுக்க வந்தான். அது முட்டி போட்டு விழுந்து எந்திரிச்சுது. நானாத்தானே சொன்னேன், மறைக்கலையே."

"அதான் ஒத்துக்கிட்டியே. அப்புறம் என்னா பேச்சு?"

கேட்காமலே உண்மையைச் சொன்னவன், சொன்ன உண்மையாலேயே மாட்டிக்கொண்டான். அந்த வட்டாரத்தில் கறவை மாடு வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருந்தார்கள். அக்கா விடிந்ததும் அதில் குரல் போட்டுவிட்டார்: செல்வம் லோரியில் யாரும் மாடு ஏற்றாதீர்கள். நாங்கள் போய்ச் சேருவதற்குள்ளாகவே இரண்டு பேர் அவனை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவன் கையில் போனை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

டாக்டர் வழக்கம்போல மூக்கில் ஆரம்பித்தார். கன்றின் முகம், கண், காது, நாக்கு எல்லாம் சரி. கழுத்து சரி. முன்னங்கால் இரண்டும் சரி. அடுத்தது முதுகு. அப்போது அவருடைய போன் அடித்தது. அழைத்தவர் எங்கள் நிலையத்து முதலாளி. காப்பாரில் ஒரு மாட்டுக்குக் கன்று போட்ட பிறகு கருப்பை வெளியே தள்ளிவிட்டது, இரத்தம் போகிறது, உடனே ஓடுங்கள் என்றார். டாக்டர் போனைக் காதில் வைத்தபடி வெளியே போனார். மூக்கிலிருந்து வால் வரை போகாமல் அவர் பாதியில் நிறுத்தி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

கன்று என் கையில் இருந்தது. ஊசியும் இடுக்கியும் பக்கத்தில் தட்டில் இருந்தன. நான் தொடர்ந்தேன். யாரும் கேட்கவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. செல்வம் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.

முதுகின் இரண்டு பக்கமும் ஊசி முனையால் தொட்டுக்கொண்டே போனேன். ஈ உட்கார்ந்தால் தோல் துடிக்குமே, அப்படித் துடித்தது, கடைசி வரைக்கும். முதுகுத் தண்டு போயிருந்தால் ஓர் இடத்தோடு அந்தத் துடிப்பு நின்றுவிடும். நிற்கவில்லை. வாலைத் தூக்கினால் இறுக்கிக்கொண்டது. வலது பின்னங்கால் என் வயிற்றில் ஓர் உதை விட்டது. இடது காலின் முழங்காலுக்குக் கீழே தட்டினேன். கால் தானாக எகிறியது. தொடையின் முன்பக்க நரம்பு நன்றாக இருக்கிறது.

இடுக்கியால் அதே காலின் உள்பக்கம் கிள்ளினேன். இழுத்துக்கொண்டது. வெளிப்பக்கம் கிள்ளினேன். ஒன்றுமில்லை. பாதத்தின் மேலே, குளம்பு இடுக்கில், அடிப்பக்கத்தில். ஒன்றுமே இல்லை. கன்று என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, தழையை மென்றுகொண்டிருந்தது.

அப்படியென்றால் மூளை இல்லை, கழுத்து இல்லை, முதுகு இல்லை. தொடையின் பின்பக்கம் இறங்குகிற அந்த ஒரு பெரிய நரம்பு. என் கட்டை விரல் தானாகத் தொடையின் பின்பக்கம் மேலே போனது. அங்கே சதைக்குள் கொண்டைக்கடலை அளவுக்குக் கெட்டியாய் ஒரு வீக்கம்.

நான் கையை எடுத்துவிட்டேன்.

முந்தைய நாள் நடந்ததை இப்போது சொல்கிறேன். ஊசியைக் கழுத்துத் தசையில் போட வேண்டும் என்பது டாக்டர் எனக்குச் சொல்லிக் கொடுத்த விதி. கன்றுக்குத் தொடையில் சதை கிடையாது, நரம்பு மேலேயே ஓடும். எனக்கு அது நன்றாகத் தெரியும். முதல் இரண்டு கன்றுக்கும் செல்வம் தலையைப் பிடித்தான், கழுத்தில் போட்டேன். பிறகு அவன் லோரியைக் கழுவப் போய்விட்டான். மூன்றாவது கன்று மெலிந்தது, ஓயாமல் துள்ளியது. தலையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அஞ்சலை அக்கா பத்தடி தூரத்தில் நின்றார். "அக்கா, கொஞ்சம் தலையைப் பிடிங்க" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எனக்கு வாய் வரவில்லை. பழக்கமில்லாத ஒரு பெண்ணிடம் உதவி கேட்கக் கூச்சம். கன்றை என் முழங்காலால் பலகையோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, பின் தொடையில் போட்டுவிட்டேன். போட்டதும் அந்தக் கால் வெடுக்கென்று ஒரு தடவை உதறியது. பிறகு கன்று படுத்துக்கொண்டது. களைப்பு என்று நினைத்தேன். நினைக்க விரும்பினேன்.

டாக்டர் உள்ளே வந்தார். அவசரத்தில் இருந்தார். "வண்டில விழுந்த அடியா இருக்கலாம் அக்கா. முதுகா இருந்தா தேறுறது கஷ்டம். மூணு நாள் பார்ப்போம். முடியலன்னா வலி தெரியாம அனுப்பி வச்சிடலாம்" என்றார். இருக்கலாம் என்றுதான் சொன்னார். அக்கா காதில் 'லாம்' விழவில்லை.

"கேட்டியாடா? டாக்டரே சொல்லிட்டாங்க."

செல்வம் டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். நான் கிள்ளியதை, விரல் மேலே போனதை, கையை எடுத்ததை எல்லாம் அவன் பார்த்திருந்தான். அர்த்தம் தெரிந்திருக்காது. ஆனால் ஏதோ ஒன்று எனக்குத் தெரியும் என்று அவனுக்குத் தெரிந்தது. நான் தட்டை எடுத்துக்கொண்டு போய் எங்கள் காடியின் கதவைத் திறந்து ஏறினேன்.

நான் செய்ததில் பெரிய தவறு ஊசி இல்லை. அந்தக் காடியில் ஏறியதுதான்.

காப்பார் போகும் வரை நான் வாய் திறக்கவில்லை. அங்கே மாடு நின்றுகொண்டிருந்தது. நான் துணி விரித்த தட்டில் அதன் கருப்பையை இரண்டு கையாலும் ஏந்திப் பிடிக்க, டாக்டர் முழங்கை வரை கையை விட்டு உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். இருவரும் மாட்டுக்குப் பின்னால், தோளோடு தோள். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை, என் முகம் அவருக்குத் தெரியவில்லை. கூச்சக்காரனுக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

"டாக்டர், அந்தக் கன்னுக்கு முதுகு இல்ல."

"இன்னும் கொஞ்சம் தூக்குங்கண்ணே. என்னா?"

"முதுகு நல்லாருக்கு. தோலு கடைசி வரைக்கும் துடிக்குது. வாலு இருக்கு. முழங்கால் தட்டினா எகிறுது. உள்பக்கம் உணர்வு இருக்கு, வெளிப்பக்கம் இல்ல. பாதத்துல மேலயும் இல்ல, கீழயும் இல்ல."

அவர் கை நின்றது. மாடு முக்கியது. மறுபடி தள்ள ஆரம்பித்தார்.

"தொடைக்குப் பின்னாடி நரம்பு" என்றார்.

"ஆமா. அங்க ஒரு வீக்கம் இருக்கு."

"எப்படி வீக்கம்?"

"ஊசி வீக்கம். நான் போட்டது. தொடையில போட்டுட்டேன்."

கருப்பை உள்ளே போய் மடிப்பு விரிந்து உட்காரும் வரை அவர் தள்ளினார். பிறகு கையைக் கழுவிக்கொண்டே, "ஏன் அங்கயே சொல்லல?" என்றார்.

"பயம்."

"எனக்கா?"

"எல்லாருக்கும்."

"தப்பு எனக்கும் இருக்கு. பாதியில விட்டுட்டுப் போனது நான்" என்றார். அதற்கு மேல் அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மத்தியானம் கிள்ளானுக்குத் திரும்பினோம். முதலாளி ஏற்கெனவே ரிப்போர்ட்டைத் தட்டி வைத்திருந்தார், இங்கிலீஷில். கீழே டாக்டர் கையெழுத்துக்கு ஒரு கோடு, உதவியாளர் கையெழுத்துக்கு ஒரு கோடு. அஞ்சலை அக்கா கேட்டாராம், செல்வத்திடம் காட்டுவதற்கு.

"மணியம், இதுல ஒரு சைன் போடு."

இருபது வருடமாக அவர் நீட்டிய தாளில் எல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒன்றைக்கூடப் படித்ததில்லை. அன்று, "என்னா எழுதியிருக்கு பாஸ்?" என்று கேட்டேன்.

"வண்டில வந்தப்ப முதுகுல அடி. அவ்ளோதான். போடு."

"போடமாட்டேன்."

அவர் முதலில் சிரித்தார். டாக்டர் நடந்ததைச் சொன்னதும் கதவைச் சாத்தினார்.

"ரெண்டு பேருக்கும் பைத்தியமா? நம்ம ஆளு ஊசி போட்டு கன்னு கால் போச்சுன்னு வெளிய தெரிஞ்சா, நாளைக்கு எவன் லா நம்மளக் கூப்பிடுவான்? அந்தப் பையனே பிரேக் அடிச்சேன்னு ஒத்துக்கிட்டான். முட்டில அடிபட்டு நரம்பு நசுங்கியிருக்கும். முடிஞ்சு போச்சு."

அவர் முட்டாள் இல்லை. நரம்பு முட்டியில் நசுங்கலாம் என்பது உண்மைதான். டாக்டர் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நான் பேசிவிட்டேன். எப்படிப் பேசினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"முட்டிக்கு வெளிப்பக்கம் அடிபட்டா பாதத்துக்கு மேல் பக்கம் மட்டும்தான் மரத்துப்போகும் பாஸ். அடிப்பக்கம் உணர்வு இருக்கும். இதுக்கு ரெண்டும் இல்ல. அப்படின்னா நரம்பு ரெண்டாப் பிரியறதுக்கு முன்னாடி அடி. தொடைக்குப் பின்னாடி, உள்ள. அங்க லோரி அடிக்காது. ஊசிதான் போகும்."

"ஆறாம் ஆண்டு படிச்சவன் எனக்கு நரம்புப் பாடம் எடுக்கிறான்."

"கன்னு பள்ளிக்கூடமே போகல பாஸ். அதுதான் சொல்லுச்சு."

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் சிரிப்பில் குலுங்கியது.

"அந்தத் தாள்ல நானும் போடப்போறதில்ல" என்றார், திரும்பாமலே. "நாளைக்குப் போய் முழுசாப் பார்த்துட்டு நானே எழுதுறேன்."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "இனிமே ஊசியத் தொட்டே, வீட்டுக்குப் போயிடு" என்றார். சரி என்றேன். அந்தத் தண்டனை நியாயமானது, இன்றும் சொல்கிறேன். ஆனால் அந்தத் தாளில் போடச் சொன்னது நியாயமில்லை. தண்டனையை ஏற்றுக்கொள்கிறவன் பொய்யையும் சேர்த்து ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒரு சட்டமும் கிடையாது. உங்களிடம் யாராவது இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நீட்டினால், ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுங்கள்.

மறுநாள் ஜெஞ்சாரோம் போனோம். குழுவில் கேட்டுவிட்டு அக்கம்பக்கத்து மாட்டுக்காரர்கள் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். செல்வத்தை டாக்டரே போன் போட்டு வரவழைத்திருந்தார். அவன் லோரியிலிருந்து இறங்காமல் கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தான்.

டாக்டர் தானே பார்ப்பார் என்று நினைத்தேன். மூக்கிலிருந்து வால் வரை ஒரு முறை முழுவதும் பார்த்தார். பிறகு இடுக்கியை என் கையில் கொடுத்து, கன்றின் தலையை அவர் பிடித்துக்கொண்டார்.

"நீங்க காட்டுங்கண்ணே."

என் காது சுட்டது. எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். நான் யாரையும் பார்க்காமல் கன்றின் முதுகைப் பார்த்தே பேசினேன்.

"இங்க குத்துறேன், தோலு துடிக்குது பாருங்க. கடைசி வரைக்கும் துடிக்குது. முதுகு உடையல. வாலப் பாருங்க. இந்தக் கால் உள்பக்கம் கிள்ளுறேன், இழுக்குது. வெளிப்பக்கம்."

கன்று அசையவில்லை. ஒரு மாட்டுக்காரர் கிட்டே வந்து குனிந்தார். "இன்னொரு தடவ கிள்ளுங்க" என்றார். கிள்ளினேன். அவரே இடுக்கியை வாங்கிக் கிள்ளிப் பார்த்தார். "ஆமா லா, கட்டை மாதிரி இருக்கு" என்றார்.

நான் கட்டை விரலை அந்த வீக்கத்தின் மேல் வைத்தேன்.

"அடி இங்க. இது லோரி இல்ல. நான் போட்ட ஊசி."

அஞ்சலை அக்கா என் முன்னால் வந்து நின்றார். அறைவார் என்றே நினைத்தேன்.

"கழுத்துலதானே போடுவாங்க? எங்க மாட்டுக்கெல்லாம் கழுத்துலதானே போடுறீங்க?"

"தலையப் பிடிக்க ஆள் இல்லக்கா."

"நான் எங்க போயிருந்தேன்? இங்கதானே நின்னேன், மரம் மாதிரி?"

"கேக்கக் கூச்சமா இருந்துச்சு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏன், தலையப் பிடிங்கன்னு சொன்னா உங்களக் கடிச்சிடுவேனா? ஒரு வார்த்த கேக்கக் கூச்சம். அதுக்கு என் கன்னு காலு, அந்தப் பையன் பொழப்பு." யாரோ சிரித்தார்கள். அவர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார், சிரிப்பு நின்றது. பிறகு போனை எடுத்து என் வாய்க்கு நேரே நீட்டினார். "நான் சொன்னா நேத்து ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணுன்னு பேசுவாங்க. நீங்க சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும்."

மைக் பிடிக்க மாட்டேன் என்று மேலே எழுதினேன். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை பிடித்தேன். அது இதுதான். என் பேரைச் சொன்னேன். எந்த நிலையத்து உதவியாளர் என்று சொன்னேன். செல்வம் லோரியில் வந்த கன்றுக்கு லோரியால் ஒன்றும் ஆகவில்லை, கால் மரத்துப்போனது என் ஊசியால் என்று சொன்னேன். அக்கா விரலை எடுத்தார். செய்தி போய்விட்டது. இனி அதை யாரும் திரும்ப வாங்க முடியாது, நானும் முடியாது.

கன்றை வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னார். பாதம் மடங்காமலிருக்கத் தப்பை வைத்துக் கட்டினார். அந்த நரம்பு திரும்ப முளைத்து வரலாம், வராமலும் போகலாம், வந்தாலும் மாதக்கணக்கு ஆகும் என்றார். நான் என் ஓய்வு நாட்களில் எல்லாம் ஜெஞ்சாரோம் போய்க் கட்டை மாற்றினேன், காலை நீட்டி மடக்கிவிட்டேன். அக்கா ஒவ்வொரு முறையும், "வந்துட்டீங்களா? தலையப் பிடிக்கணுமா?" என்று கேட்பார். முதல் மாதம் அதில் கோபம் இருந்தது. அப்புறம் தேத்தண்ணீரும் சேர்ந்து வந்தது.

கால் முழுதாக வரவில்லை. ஆனால் வந்தது. உணர்வு மேலேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. ஒரு நாள் பாதத்தின் மேல் கிள்ளினேன், அந்தக் காலாலேயே என்னை உதைத்தது. அக்கா கொட்டகையே அதிரக் கை தட்டினார். இன்றும் அந்தக் குளம்பு நடக்கும்போது தரையை லேசாக உரசும். அது பால் கறக்கிற பசுவாகிவிட்டது. முதுகு உடைந்தது என்ற தாளில் அன்று நான் கையெழுத்துப் போட்டிருந்தால், மூன்றாம் நாளே அது குழிக்குள் போயிருக்கும்.

முதலாளி சொன்னபடி என்னிடமிருந்து ஊசியை வாங்கிக்கொண்டார். ஏறக்குறைய ஒரு வருடம் நான் கயிறு மட்டும்தான் பிடித்தேன். அவர் பயந்த மாதிரி வாடிக்கை ஒன்றும் குறையவில்லை என்று சொல்ல எனக்கு ஆசைதான். இரண்டு மூன்று பேர் வேறு இடம் போனார்கள். அவர்கள் போனது சரி. நானாயிருந்தாலும் போயிருப்பேன். மற்றவர்கள் இருந்தார்கள். அவர்களில் சிலர் டாக்டர் பார்த்து முடித்த பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க என்னா சொல்றீங்க?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். முதலில் தரையைப் பார்த்தேன். பிறகு பதில் சொன்னேன்.

ஆகவே பிடிக்கிறவர்களே, உங்கள் கைக்குத் தெரிவதைச் சொல்லுங்கள். சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பார்கள். அதற்கும் தோலின் துடிப்புக்கும் சம்பந்தமில்லை. நீங்கள் சொல்வது தப்பாகக்கூட இருக்கலாம். டாக்டர் திருத்தட்டும், அதற்குத்தான் அவர் படித்திருக்கிறார். ஆனால் மூக்கிலிருந்து வால் வரை தேடிக்கொண்டே போகும்போது, தேடியது உங்கள் கட்டை விரலுக்கு அடியிலேயே கிடைத்தால், கையை எடுக்காதீர்கள். நான் எடுத்தேன். அதற்குப் பிறகு வந்த எந்த உதையும் அவ்வளவு வலித்ததில்லை.

டாக்டர்களுக்கு ஒன்று. போன் அடித்தால் அடிக்கட்டும். வாலையும் பார்த்துவிட்டுப் போங்கள்.

செல்வத்தைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள். அவனை வேண்டாம் என்றவர்கள் மெல்லத் திரும்பி வந்தார்கள். என்னோடு அவன் பேசவில்லை. நான் குரல் போட்ட அன்று லோரிக் கதவைச் சாத்திக்கொண்டு போனவன்தான். ஒரு நாள் முழுக்க அவனைத் தொங்கவிட்டவன் நான். நன்றி சொல்ல அவனுக்கு ஒன்றும் இல்லை. வழியில் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்வான். நானும் போய்ப் பேசவில்லை. ஊசி மறுபடி என் கைக்கு வந்த பிறகும் அப்படித்தான் இருந்தது.

ஒரு நாள் பந்திங் பக்கம் ஒரு பண்ணையில் அவன் லோரியிலிருந்து கன்றுகளை இறக்கிக்கொண்டிருந்தான். ஊசி போட என்னை அனுப்பியிருந்தார்கள். பண்ணைக்காரர் உள்ளே கணக்குப் பார்க்கப் போய்விட்டார். நான் மருந்தை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தேன். கன்று துள்ளிக்கொண்டிருந்தது. தலையைப் பிடிக்க அங்கே இருந்த ஒரே ஆள் அவன்தான், என் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீர்க் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"செல்வம்" என்றேன். "கொஞ்சம் தலையப் பிடி."

அவன் குழாயைக் கீழே போட்டான். வந்தான். கன்றின் தலையைத் தன் இடுப்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு விரலால் அதன் கழுத்தில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினான்.

"இங்க அண்ணே" என்றான். "நான் பார்த்துக்கிட்டே இருப்பேன்."